எம்.பி.பி.எஸ். மாணவரும் குழந்தை நல ஆராய்ச்சியும்

இளநிலை மருத்துவ மாணவரைச் சமூகத்தின் நடுவே கொண்டுபோய்ப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தியாவில் வலுப்பெற்றது, 1946ல் வெளியான சர் ஜோசப் போர் குழுவின் அறிக்கையால். பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 பேர் ஒரு வயதுகூட நிறையாமல் இறந்தனர் என்று அது கணக்குக் காட்டியது. நாட்டின் அன்றைய மொத்தச் சாவுகளில் ஏறக்குறையப் பாதி, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுடையவை. வார்டில் படுத்திருக்கும் நோயாளியை மட்டும் பார்த்துப் பழகியவரால் இந்த நிலையை மாற்ற முடியாது என்பதால், ஒவ்வொரு கல்லூரியிலும் சமூக மருத்துவத் துறை வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது.

இந்த வழியில் நெடுந்தூரம் போனது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே முதலாண்டு மாணவர்களே கிராமத்தில் தங்கி, வீடுவீடாகப் போய்க் கணக்கெடுக்கிறார்கள். ஆராய்ச்சியின் அரிச்சுவடி அந்தத் திண்ணைகளில்தான் பிடிபடுகிறது. ஊட்டநிலையை அறிய, குழந்தையின் இடது கையைத் தளரவிட்டு, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் சரிபாதியில் நாடாவைச் சுற்ற வேண்டும். இறுக்கினாலும் தளர்த்தினாலும் அளவு மாறிவிடும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடும் ஊட்டக்குறைவு. சில மில்லிமீட்டர் பிசகினால் ஒரு குழந்தை பட்டியலிலிருந்தே விடுபட்டுப்போகும். பிறந்த தேதி தெரியாத வீட்டில், பொங்கலுக்கு முன்னா பின்னா, ஆடிக்கு முன்னா பின்னா என்று கேட்டுக் கேட்டுத்தான் வயதைக் கணிக்க வேண்டும். பாடப்புத்தகம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்தப் பொறுமையைக் கற்றுத்தராது.

நம் குழந்தைகளை நாமே ஆராய வேண்டியதன் தேவையையும் வேலூர் ஆய்வுகள் நிரூபித்தன. வாய்வழிப் போலியோ மருந்தின் மூன்று தவணைகள் இந்தியக் குழந்தைகள் பலருக்குப் போதிய பாதுகாப்புத் தரவில்லை என்று அந்தக் கல்லூரியின் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான் காட்டினார். அதே கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்த ககன்தீப் காங்கின் குழு, 2002 தொடங்கி வேலூர்க் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயதுவரை பின்தொடர்ந்தது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டாவைரஸ் பற்றியது அந்த ஆய்வு. மெக்சிகோவில் முன்பு நடந்த ஆய்வில், இரண்டு முறை இந்த வைரஸ் தொற்றிய குழந்தைக்கு அதன்பின் அதனால் கடும் வயிற்றுப்போக்கு வரவில்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான். வெளிநாட்டு முடிவை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

இளநிலை மாணவர்களே ஆய்வு செய்ய நாடு தழுவிய வாய்ப்பு 1979ல் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அவர்களுக்குக் குறுகிய கால உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, இரண்டு மாதத்தில் ஓர் ஆய்வை முடித்து அறிக்கை தர வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்டால் உதவித்தொகை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். குழந்தைகள் தொடர்பான ஆய்வென்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, ஏழு வயது நிறைந்த பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்கின்றன கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்கள். மாணவர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

ஆனால் எம்.டி. மாணவருக்கு ஆய்வேடு கட்டாயம், எம்.பி.பி.எஸ். மாணவருக்கு ஆய்வு விருப்பம் என்ற நிலை நீடிக்கிறது. குழந்தையின் வளர்ச்சியைப் படிக்க உதவித்தொகைத் திட்டத்தின் இரண்டு மாதமும் போதாது. இதற்கு ஒரு வழி இப்போது இருக்கிறது. 2021-22இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில், முதலாண்டிலேயே சில குடும்பங்கள் ஒவ்வொரு மாணவரின் பொறுப்பில் வருகின்றன. படிப்பினூடே அவர் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போகிறார். அந்த வீட்டுக் குழந்தையின் எடை, உயரம், தடுப்பூசி, நோய் எல்லாம் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் பதிவானால், அதுவே ஒரு தொடர் ஆய்வு. கையெழுத்துக்காக நிரப்பும் பதிவேடாக அதைச் சுருக்கிவிடாமல், கல்லூரிகள் ஆய்வாகவே நடத்த வேண்டும்.