நேத்ராவதிப் பாலமும் ரெண்டணா பிக்மியும்

செமஸ்டர் விடுமுறையில் நாங்கள் நாலு பேர், ஒரு பழைய கார், கன்னியாகுமரியிலிருந்து கோகர்ணம் வரை கடலோரமாகவே போய் வருவது என்று கிளம்பினோம். தேசிய நெடுஞ்சாலை 66 மும்பை பக்கம் பன்வேலில் தொடங்கி நம்ம கன்னியாகுமரியில்தான் முடிகிறது. நாங்கள் முடிகிற இடத்திலிருந்து தொடங்கினோம், அவ்வளவுதான் வித்தியாசம்!

மூன்றாம் நாள் சாயங்காலம் காசர்கோடு தாண்டி, தலப்பாடியில் கேரள எல்லை கடந்து, உள்ளால் வழியாக வந்தபோது திடீரென்று வலதும் இடதும் தண்ணீர். நேத்ராவதிப் பாலம். ஒரு பக்கம் ரயில் பாலம், கரையெல்லாம் தென்னை, மேற்கே ஆறு கடலைத் தேடிப் போகிறது. பாலத்தின் மறுகரையில் மங்களூர். (2014 நவம்பர் 1 முதல் அரசுக் கணக்கில் மங்களூரு.) வடக்கே குருபுரா ஆறு, தெற்கே நேத்ராவதி. இரண்டும் சேர்ந்து கடலில் விழும் முகத்துவாரத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர் இது.

நண்பர்களுக்கு அந்த நேரம் பசி. எனக்கு வேறு ஒரு பதற்றம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு.

இந்த ஊர் துறைமுகம் ரொம்பப் பழசு. 12ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் துனீசியாவிலிருந்து ஏடன் வழியாக இங்கே வந்து பல வருஷம் தங்கி வியாபாரம் செய்தார். அவர் கடிதங்கள் கெய்ரோவில் ஒரு யூதக் கோயிலின் காகிதக் குவியலில் கிடைத்தன. 14ஆம் நூற்றாண்டில் இபின் பதூதாவும் இங்கே வந்து போனார். பிறகு விஜயநகரம், போர்த்துகீசியர், கெளதி நாயக்கர், ஹைதர் அலி என்று கை மாறியது. 1784 மார்ச் 11 அன்று திப்பு சுல்தானும் கிழக்கிந்தியக் கம்பெனியும் கையெழுத்திட்ட மங்களூர் உடன்படிக்கையோடுதான் இரண்டாம் மைசூர்ப் போர் முடிந்தது. குருபுரா கரையில் திப்பு காலத்துக் கருங்கல் காவல் கோபுரம் இன்னும் நிற்கிறது. சுல்தான் பத்தேரி என்கிறார்கள். 1799ல் திப்பு விழுந்ததும் ஊர் கம்பெனிக்குப் போனது. அதன் பிறகு 1956 வரை தென் கன்னடம் நம்ம சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம்! ஆக, ஒரு காலத்தில் திருநெல்வேலிக்காரனும் மங்களூர்க்காரனும் ஒரே கவர்னருக்குத்தான் மனு போட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஆச்சி வீட்டில் ஒருமுறை கூரை ஓடு விழுந்து உடைந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் ஆங்கில எழுத்துகள். "மங்களூர் ஓடுலே, பத்திரமா எடு" என்றார் ஆச்சி. அந்த ஓட்டின் பிறந்த வீடும் இந்த ஆற்றங்கரைதான். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் பாதிரியார்கள் 1834ல் இங்கே வந்தார்கள். 1843ல் முதல் கன்னடப் பத்திரிகையான மங்களூர சமாச்சாரா வந்ததும் அவர்களில் ஒருவரான மோக்ளிங் மூலம்தான். 1865ல் பிளெப்ஸ்ட் என்பவர் நேத்ராவதி கரையில் ஜெப்புவில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். ஏன் இங்கே? ஆற்றோரக் களிமண் கைக்கெட்டும் தூரத்தில். மலையிலிருந்து விறகு ஆற்றிலேயே வரும். சுட்ட ஓடு துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறும். மூலப்பொருள், எரிபொருள், போக்குவரத்து மூன்றும் ஒரே ஆறு. தொழிற்சாலை எங்கே அமைய வேண்டும் என்று முதல் வருஷம் பாடத்தில் மனப்பாடம் செய்தது, பாலத்தின் மேல் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு மிஷனின் தொழில்களைப் பறித்துக்கொண்டது. காங்கிரீட் வந்தபின் ஓட்டுக்கும் மவுசு குறைந்துவிட்டது.

சரி, பி.காம் மாணவன் ஓட்டோடு நிறுத்தலாமா? விஷயத்துக்கு வருவோம். இந்த ஊரின் பெரிய ஏற்றுமதி ஓடு அல்ல, வங்கி!

1906லிருந்து 1931க்குள், அன்றைய தென் கன்னட மாவட்டம் ஒன்றில் மட்டும் பிறந்த வங்கிகளைப் பாருங்கள்:

1906 மார்ச்: உடுப்பியில் வணிகர் ஹாஜி அப்துல்லா தொடங்கிய கனரா பேங்கிங் கார்ப்பரேஷன். முதலீடு 5000 ரூபாய். இதுதான் பிற்காலக் கார்ப்பரேஷன் வங்கி.
1906 ஜூலை: மங்களூரில் வக்கீல் அம்மெம்பாள் சுப்பாராவ் பை தொடங்கிய நிதி. இன்றைய கனரா வங்கி.
1924: மங்களூரில் கர்நாடகா வங்கி.
1925: உடுப்பியில் உபேந்திர அனந்த பை, டாக்டர் டி.எம்.ஏ. பை, வாமன் குட்வா ஆகியோர் 8000 ரூபாயில் தொடங்கிய சிண்டிகேட் வங்கி.
1931: மங்களூரில் ஏ.பி. ஷெட்டி தலைமையில் விஜயா வங்கி.

ஒரே மாவட்டத்தில் ஐந்து! எப்படி? அன்று பெரிய வங்கிகள் அரசாங்கத்துக்கும் ஐரோப்பியக் கம்பெனிகளுக்கும்தான். சாதாரண ஜனத்துக்கு வட்டிக்கடைதான் கதி. ஆனால் இந்தத் துறைமுகத்தில் காபி, ஓடு, மீன் என்று கையில் காசு புரண்டது. 1907ல் ரயிலும் வந்து சேர்ந்தது. படித்த வக்கீல்களும் டாக்டர்களும் இருந்தார்கள். 1905ல் கிளம்பிய சுதேசி அலை வேறு. சென்னையிலும் 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஏராளமானோர் சேமிப்பு மூழ்கிய பிறகுதான், 1907ல் நம்ம இந்தியன் வங்கி பிறந்தது. மங்களூர்க்காரர்கள் அடி விழுவதற்குச் சில மாதம் முன்பே விழித்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு வங்கியையும் ஒவ்வொரு சமூகத்தார் முன்னின்று தொடங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு முஸ்லிம் வணிகர் கோயில் நகரமான உடுப்பியில் தொடங்கிய வங்கி, சாதி மத பேதமில்லாமல் எல்லோருக்கும் சிக்கனத்தைப் பழக்குவதையே நோக்கமாகச் சொன்னது. எங்கள் பாடப்புத்தகத்தில் இவர் பெயர் ஒரு வரிகூட இல்லை.

இனி என் பதற்றத்துக்கு வருகிறேன். சிண்டிகேட் வங்கி நொடித்துப்போன கைத்தறி நெசவாளர்களுக்குக் கைகொடுக்கத் தொடங்கப்பட்டது. அவர்களிடம் மொத்தமாகப் போட பணம் ஏது? அதனால் 1928ல் பிக்மி என்று ஒரு திட்டம். ஏஜெண்ட் தினமும் வீடு தேடி வருவார், ரெண்டணா கொடுத்தால் போதும். வங்கிக்கு நாம் போகிற வழக்கத்தை மாற்றி, வங்கியே வாசலுக்கு வந்தது.

எங்கள் அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. நான் பள்ளியில் படித்த வருஷமெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு பிக்மி அண்ணாச்சி சைக்கிளில் வருவார். அப்பா ஐம்பது ரூபாய் கொடுப்பார். வியாபாரம் படுத்த நாளில் இருபது. "இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்று அப்பா சொன்னால், "பத்தாவது குடுங்க, விட்டா பழக்கம் போயிரும்" என்பார் அவர். அந்தப் பணத்தில்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். அது உடுப்பியில் நெசவாளர்களுக்காகப் போட்ட கணக்கு என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

1969 ஜூலை 19ல் கனராவும் சிண்டிகேட்டும், 1980 ஏப்ரலில் கார்ப்பரேஷனும் விஜயாவும் நாட்டுடைமை ஆயின. 2019 ஏப்ரல் 1ல் விஜயா, பரோடா வங்கியோடு இணைந்தது. 2020 ஏப்ரல் 1ல் சிண்டிகேட் கனராவுக்குள்ளும், கார்ப்பரேஷன் யூனியன் வங்கிக்குள்ளும் போயின. 2017ல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 2020ல் 12 ஆயின. ஐந்தில் பழைய பெயரோடு மிஞ்சியவை கனராவும் கர்நாடகாவும்தான்.

இணைப்பு தப்பா? தேர்வில் கேட்டால் சாதகம் ஐந்து, பாதகம் ஐந்து எழுதுவேன். மூலதனம் பெருகும், செலவு குறையும், பெரிய கடன் கொடுக்கலாம். எல்லாம் சரி. யாருடைய டெபாசிட்டும் மூழ்கவில்லை என்பதும் சரி. 1906ல் ஆர்பத்நாட்டை நம்பியவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் 5000 ரூபாயிலும் 8000 ரூபாயிலும் தொடங்கிய இவர்கள், ஊரில் யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு எது முடியும் என்று பார்த்துத் திட்டம் போட்டார்கள். பத்து ரூபாய்க்காரனையும் வாடிக்கையாளராக எண்ணுகிற அந்தப் பார்வை, பெயர்ப்பலகையோடு போய்விடக் கூடாது. என் கவலை அது ஒன்றுதான்.

அன்றிரவு பந்தர் பக்கம், பழைய துறைமுகத்தருகே சூடாக கோளி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு அப்பாவுக்கு போன் செய்தேன். "அப்பா, பிக்மி எங்க பொறந்துச்சு தெரியுமா? நாளைக்கு அந்த ஊருக்குத்தான் போறோம்" என்று முழுக் கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியா... அண்ணாச்சிக்கும் இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. ஊருக்கு வந்ததும் அவரைப் பாத்துச் சொல்லு, சந்தோசப்படுவாரு" என்றார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு அண்ணாச்சி கேட்ட ஒரே கேள்வி: "சரி தம்பி, நீ இப்ப ஏதும் சேத்து வைக்கியா?"

பதில் சொல்ல முடியவில்லை. உங்களிடமும் அதே கேள்விதான் நண்பர்களே!