கிழிந்த சமையல் ஏடும் ஒரு கணினி விளையாட்டும்

கணினி விளையாட்டு என்றாலே துப்பாக்கியும் கார் பந்தயமும்தான் என்று நம் வயதுக்காரர்கள் நினைக்கிறோம். சமையலுக்கும் அதில் ஒரு சரித்திரம் உண்டு.

2006இல் ஜப்பானில் ‘குக்கிங் மாமா’ வந்தது. கையடக்கக் கருவியின் திரையில் சிறு குச்சியால் காய் நறுக்க வேண்டும்; நேரத்துக்குள் முடித்தால் பதக்கம். 2016இல் இங்கிலாந்தில் இருவர் மட்டுமே சேர்ந்து நடத்திய ஒரு நிறுவனம் உருவாக்கிய ‘ஓவர்குக்ட்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. அதில் நாலு பேர் வரை கூடி, ஓடி ஓடிச் சமைப்பார்கள். கல்யாண வீட்டில் பந்தி போடும் நேரம் போலத்தான், கடிகாரம்தான் எதிரி.

2023 ஜூலை 31 அன்று வெளிவந்த ‘வெண்பா’ வேறு வழியில் போயிற்று. கனடாவில் டொரண்டோ நகரத்து ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு குழு செய்தது. அதை வடிவமைத்த அபி தமிழர். கதாநாயகி வெண்பா 1980களில் கணவர் பாவலனுடன் கனடாவில் குடியேறியவள். அம்மா தந்த சமையல் ஏடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை யோசித்து நிரப்பிச் சமைப்பதே ஆட்டம். முதல் பலகாரமே இட்லி! விரட்டும் கடிகாரம் இல்லை. பிசகினால் மறுபடி செய்யலாம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம்.

ஆள்பலம் குறைந்த குழுவுக்கு இது நல்ல யோசனை. நூறு பண்டங்களை அரைகுறையாக வரையாமல், சிலவற்றை மட்டும் எடுத்து, எண்ணெயின் சத்தம் முதற்கொண்டு கவனித்துச் செய்தார்கள். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, முதல் படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது.

சமையலோடு கூடவே மகன் கவினின் கதையும் நடக்கிறது. வளர வளர அவன் தமிழை விட்டு விலகுகிறான். இது நம் புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு முடிந்ததும் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்து கடல் கடந்த குடும்பங்கள் நம் தெருக்களில் எத்தனை! அவர்களின் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். பாட்டி தமிழில் கேட்டால் பதில் பிரெஞ்சில் வருகிறது. குழம்பை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

நானும் பிரெஞ்சு வழியில் படித்தவன்தான். பள்ளியில் எழுதியதெல்லாம் பிரெஞ்சு, அடுப்படியில் கேட்டதெல்லாம் தமிழ். அம்மாவின் மீன் குழம்பு எந்த ஏட்டிலும் இல்லை. புளி எவ்வளவு என்றால், “எலுமிச்சை அளவு” என்பார். எந்த எலுமிச்சை என்பது அவர் கைக்குத்தான் தெரியும்.

விளையாட்டில் விட்டுப்போன வரியை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம். விடை தெரிந்தவர்கள் அதை உள்ளே வைத்திருக்கிறார்கள். நம் அடுப்படியில் விடை நம்மோடேயே போய்விடும். பிள்ளைகள் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, புளியின் அளவைக் கிராம் கணக்கில் எழுதி வையுங்கள்.