ஹட்டன்: ஓர் ஊர்ப்பெயரின் வரலாறு

ஊர்ப்பெயர்கள் மக்களோடு இடம்பெயர்வன. எந்த மக்களோடு என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. வட ஆபிரிக்கக் கார்த்தேஜ் நகரத்தார் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கரையில் ஒரு துறைமுகத்தை நிறுவி, 'புதிய நகர்' எனப் பொருள்படும் தம் தாய்நகரின் பெயரையே அதற்கும் இட்டனர். அதுவே பின்னர் கார்த்தஜேனா என மருவிற்று. 1533இல் ஸ்பானியர் அப்பெயரைத் தென்னமெரிக்காவின் கொலம்பியக் கரைக்குக் கொண்டுசென்றனர். ஆங்கு மதில் எழுப்ப உழைத்த ஆபிரிக்க அடிமைகளுக்குப் பெயரிடும் உரிமை இருக்கவில்லை.

மலையகத்தின் ஹட்டனும் இத்தகைய பெயரே. ஸ்கொட்லாந்தின் அபடீன்ஷயரிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. 19ஆம் நூற்றாண்டில் இங்குக் கோப்பித் தோட்டங்களைத் திறந்த துரைமாருள் ஸ்கொட்லாந்தினர் பலராவர். ஸ்ட்ரத்டன், டன்கெல்ட் முதலிய அயற்றோட்டப் பெயர்களும் அவர்தம் தாயகத்தை நினைவூட்டுவனவே. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது, பெயர்களோ மாறவில்லை.

அப்பெயரை நிலைநிறுத்தியது புகையிரதமாகும். 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய பாதை, ஹட்டனைக் கடந்து 1885இல் நானுஓயாவை அடைந்தது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தேயிலை ஹட்டன் நிலையத்திற்கு வந்து சேர்ந்தது. 1888இல் தோட்டக்காரர் பொருட்டு இங்கு ஒரு வங்கி தோன்றியது; 1970இல் அதன் வழிவந்த ஹட்டன் நஷனல் வங்கி உருவாயிற்று. ஸ்கொட்லாந்துச் சிற்றூரின் பெயர் இவ்வாறு கொழும்பு, யாழ்ப்பாண வீதிகளிலும் பலகையேறியது.

காடழித்துப் பாதை சமைத்த தென்னிந்தியத் தொழிலாளரின் ஊர்ப்பெயர்களுக்கோ நிலப்படத்தில் இடமிருக்கவில்லை. எனினும் அவர்கள் பேச்சில் ஹட்டன் 'அட்டன்' ஆயிற்று. நகரின் ஒரு முச்சந்தி 'மல்லியப்பு சந்தி' எனப் பெயர்பெற்றது. தோட்டங்கள் பலவற்றுக்கு ஆவணங்களிற் காணாத தமிழ்ப்பெயர்கள் வழங்கலாயின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய காலத்திலும் அப்பெயர்கள் அழியவில்லை.

பிறர் 'இந்தியத் தமிழர்' எனப் பதிவுசெய்த இம்மக்கள், காலப்போக்கில் தம்மை 'மலையகத் தமிழர்' என அழைத்துக்கொண்டனர். 2023இல் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தபோது அவர்கள் முன்வைத்த பெயரும் 'மலையகம்' என்பதே. ஹட்டன் என்பது உடைமையாளர் கொணர்ந்த பெயர். மலையகம் என்பது உழைத்தோர் தாமே ஈட்டிய பெயர். இவ்விரண்டையும் ஒருங்கே எழுதும்போதுதான் இவ்வூரின் வரலாறு நிறைவுபெறும்.