கரண்டி, கம்பளம், கைப்பேசி

ஒரு பொருளின் உருவ அழகு அதைச் செய்தவருடைய சொத்தா என்பதும், மற்றொருவர் அதை அபகரித்தால் செலுத்த வேண்டிய ஈடு எவ்வளவு என்பதும் பார்வைக்கு ஒரே கேள்விபோலத் தோன்றினும், அமெரிக்க தேசத்து வழக்குகளின் சரித்திரத்தை நோக்குவோர்க்கு, முன்னது எளிதில் தீர்ந்ததும் பின்னது இன்றளவும் தீராததும் புலனாகும்.

1842-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸ் உருவ அமைப்புக்கும் காப்புரிமை உண்டென்று சட்டமியற்ற, நியூயார்க்கில் அச்செழுத்து வார்த்துவந்த ஜார்ஜ் புரூஸ் முதல் உரிமையைப் பெற்றார். பின்னர், பிராவிடன்ஸ் நகரத்து வெள்ளிச் சாமான் வியாபாரிகளான கோரம் கம்பெனியார், கரண்டிக் காம்புக்கென்று தாங்கள் 1861-இல் உரிமை பெற்றிருந்த சித்திர அமைப்பை ஒயிட் என்பவர் சிறிது மாற்றிக் கையாண்டார் என்று வழக்குத் தொடுத்தனர். தொழில் வல்லவர் கண்ணுக்கு இரண்டும் வேறாகவே தெரியும் என்று கீழ்க்கோர்ட்டு வழக்கைத் தள்ளிற்று. ஆனால் கடைக்கு வரும் சாதாரண மனிதன், வாங்குவோர்க்கு இயல்பான கவனத்துடன் பார்த்து, ஒன்றை மற்றொன்றென்று மயங்குவானாயின் அதுவே அபகரிப்பு என்று 1871-இல் சுப்ரீம் கோர்ட்டு விதித்தது. முதற் கேள்வி அத்துடன் ஒருவாறு தீர்ந்தது.

இரண்டாவது கேள்வியைக் கிளப்பியவை கம்பளங்கள். பிலடெல்பியாவின் டாப்சன் சகோதரர்கள் தங்கள் கோலங்களைப் பிரதி செய்தனர் என்று ஹார்ட்போர்டு முதலிய கம்பெனியார் முறையிட்டனர். கம்பளம் விற்று வந்த லாபத்தில் கோலத்துக்கு உரிய பங்கு இவ்வளவு என்று நிரூபிக்கப்படவில்லையாதலால், 1885-இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த ஈடு வெறும் 6 சென்ட்! உற்பத்தியாளர் மனக்கொதிப்பைக் கண்ட காங்கிரஸ் 1887-இல் எதிர்க்கோடிக்கே சென்று, பிரதி செய்தவர் அடைந்த லாபம் முழுவதையும், அது குறைந்தால் 250 டாலரையேனும், கொடுக்க வேண்டுமென்று சட்டம் செய்தது.

கம்பளத்துக்காகப் பிறந்த அந்த ‘முழு லாப’ விதி, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துக் கைப்பேசி வழக்கில் உயிர்த்தெழுந்தது. ஆப்பிள் கம்பெனியார் தங்களுக்கே சில்லு செய்து கொடுத்துவந்த சாம்சங் மீது 2011 ஏப்ரலில் வழக்காடியபோது, வட்ட மூலைகளுடைய கரிய முகப்பும், அதைச் சூழ்ந்த விளிம்பும், திரையில் வண்ணச் சின்னங்கள் வரிசையாக நிற்கும் அமைப்பும் தங்கள் உடைமை என்றனர். 2012 ஆகஸ்டில் ஜூரர்கள் விதித்த ஈடு, வேறு உரிமைகளுக்குரியதும் உட்பட, சுமார் 105 கோடி டாலர். முகப்பு ஒன்றிற்காகவா கைப்பேசியின் லாபம் முழுவதையும் தருவது என்று சாம்சங் மேன்முறையீடு செய்ய, சட்டம் கூறும் ‘பொருள்’ கைப்பேசி முழுவதுமாகவே இருக்க வேண்டியதில்லை, அதன் ஓர் உறுப்பாகவும் இருக்கலாம் என்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாகத் தீர்த்தது. எனினும் அவ்வுறுப்பை வரையறுக்கும் முறையைக் கூறாது விட்டது. ஆகவே 2018-இல் ஆப்பிள் 100 கோடிக்கு மேல் கோர, சாம்சங் 2 கோடியே 80 லட்சம் போதுமென்று சாதிக்க, புதிய ஜூரர்கள் 53 கோடியே 90 லட்சம் என்றனர். அடுத்த மாதமே இரு தரப்பாரும் சமாதானமாகிவிட்டனர்.

களவு நிகழ்ந்ததா என்பதைக் கரண்டி வாங்குவோனின் கண் இன்றும் சொல்லிவிடுகிறது. களவு போனதன் கிரயத்தைச் சொல்லவோ 6 சென்டுக்கும் முழு லாபத்துக்கும் இடையில் நிலையான அளவுகோல் ஒன்று அகப்படவில்லை. அகப்படுமளவும் ஒவ்வொரு வழக்கிலும் அழகுக்கு விலை குறிப்பவர்கள், அதை ஆக்கியவர்களுமல்லர், சட்டம் வகுத்தவர்களுமல்லர், அன்று கூடிய ஜூரர்களே.