நெதர்லாந்தின் தொடக்கப்பள்ளிகளில் கணித மாதிரியாக்கம்

அன்றாடச் சூழல் ஒன்றைக் கணித வடிவில் எழுதி, விடை கண்டு, அவ்விடை அச்சூழலுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது கணித மாதிரியாக்கம் எனப்படும். இதனைத் தொடக்கப்பள்ளியிலேயே கற்பிக்க முயன்ற நாடுகளுள் நெதர்லாந்து குறிப்பிடத்தக்கது.

1960களில் பல நாடுகளில் ‘புதுக் கணிதம்’ என்ற பெயரில் கணக்கோட்பாடு சிறுவர் பாடநூல்களில் புகுந்தது. நெதர்லாந்து அவ்வழியை முழுமையாக ஏற்கவில்லை. அங்கு 1968-இல் தொடக்கப்பள்ளிகளுக்கான ‘விஸ்கோபாஸ்’ திட்டம் தொடங்கியது. 1971-இல் உட்ரெக்ட் நகரில் கணிதக் கல்வி நிறுவனம் ஒன்று அமைந்தது. அதன் முதல் இயக்குநர் ஹான்ஸ் பிராய்டெந்தால் (1905–1990). கணிதம் முடிந்துபோன பாடமன்று, மனிதர் செய்யும் செயல் என்பது அவர் கொள்கை. இம்முறை ‘மெய்நிலைக் கணிதக் கல்வி’ எனப்பட்டது.

பேருந்துக் கணக்கு இதற்கு எடுத்துக்காட்டு. பேருந்தில் ஐவர் உள்ளனர். மூவர் ஏறுகின்றனர், இருவர் இறங்குகின்றனர். குழந்தைகள் முதலில் இதை நடித்துப் பார்ப்பர். பின்னர்ப் பேருந்துப் படத்தில் பயணிகளின் எண்ணிக்கையையும், அம்புக்குறியின் மேல் மாற்றத்தையும் எழுதுவர். நாளடைவில் படம் மறைந்து, எண்களும் அம்புக்குறியும் மட்டும் எஞ்சும். அதே குறியீடு கடைக் கணக்குக்கும் பயன்படும்.

விடையைச் சூழலோடு ஒப்பிடுவதும் பாடமே. 26-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 6, மீதி 2. ஆனால் 26 பேர் செல்ல, நால்வர் அமரும் கார்கள் 7 வேண்டும். 26 முட்டைகளை நான்கு நான்காக அடுக்கினால், நிறைந்த பெட்டிகள் 6 மட்டுமே.

பிற்காலத்தில் இம்முறையால் அடிப்படைக் கணக்குத் திறன் குறைந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நெதர்லாந்து அரச கலை அறிவியல் கழகம் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, 2009-இல் அறிக்கை வெளியிட்டது. இம்முறையோ மரபுமுறையோ மற்றதைவிடச் சிறந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும், ஆசிரியரின் திறனே முக்கியம் என்றும் அது கூறியது.