பட்டியலில் இல்லாத பெயர்

போன நோன்பு லீவில் கற்பிட்டியில் கூட்டாளி ஒருத்தரின் வீட்டில் இருந்து, ஒரு பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்டோம். விண்டோஸில் அது எழும்பி வாறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போகும், அவ்வளவு ஸ்லோ. பென்ட்ரைவில் டெபியனை ஏத்தி, டிஸ்கில் இருந்த எல்லாத்தையும் அழிச்சு இன்ஸ்டோல் பண்ணினோம். ஒரு பிழையும் காட்டவில்லை. ரீஸ்டார்ட் பண்ணினா கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: பூட் பண்ண டிஸ்க் எதுவும் இல்லையாம்.

டிஸ்க் பழுது எண்டு நினைச்சோம். உப்புக்காத்தில் எங்கட பக்கத்து மெஷின்கள் பழுதாகிறது புதுசில்லையே. ஆனால் பென்ட்ரைவைத் திரும்பக் குத்திப் பார்த்தால் டிஸ்கும் நல்லா இருக்கு, லினக்ஸும் முழுசா உள்ளே இருக்கு. போர்டில் இருக்கிற பேர்ம்வெயாரின் கண்ணுக்குத்தான் அது படவில்லை. ஏன் என்று தேடப் போய், நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று கையில் மாட்டியது.

1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டது. கரண்ட் வந்ததும் முதலில் ஓடுகிற சின்ன மென்பொருள் ஒன்று அதன் போர்டுச் சிப்பில் பதிந்திருந்தது. பயோஸ் என்று பெயர். 1983 இல் டொஸ் 2.0 உடன் ஹாட் டிஸ்க் வந்தபோது பயோஸுக்கு இருந்த வேலை மிகச் சுருக்கம். டிஸ்கின் முதல் 512 பைட்டை வாசிக்க வேண்டும். கடைசி இரண்டு பைட்டில் குறித்த அடையாளம் இருந்தால், அங்கே இருப்பதை ஓடவிட வேண்டும். அந்த 512 இல் 446 பைட் நிரலுக்கு, 64 பைட் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்கு. எழுதியது யார், பெயர் என்ன என்ற கேள்வியே கிடையாது.

லினக்ஸ் உள்ளே வந்தது இந்த அக்கறையின்மையால்தான். 1992 இல் வேர்னர் அல்மெஸ்பெர்கர் லிலோ எழுதினார். 1995 இல் எரிக் போலின் கிரப் எழுதத் தொடங்கினார். இரண்டும் பூட்லோடர்கள், அதாவது பேர்ம்வெயாரின் கையில் இருந்து மெஷினை வாங்கி இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறவை. அந்த முதல் 512 பைட்டில் யார் கடைசியாக எழுதினாரோ அவருக்குத்தான் மெஷின். விண்டோஸைத் திரும்பப் போட்டு கிரப்பைப் பறிகொடுத்த அனுபவம் எங்களுக்கு முந்தின ஆக்களிடம் நிறைய இருக்கு, கேட்டால் சொல்லுவார்கள்.

1990களின் நடுவில் இன்டெலும் எச்.பி.யும் இட்டானியம் என்ற பெரிய சிப்பைக் கட்டின. 16 பிட் காலத்துப் பயோஸ் அதற்குப் போதவில்லை. 1998 இல் இன்டெல் தொடங்கிய முயற்சி ஈ.எப்.ஐ. ஆனது. 2005 இல் அது பல கம்பனிகள் சேர்ந்த அமைப்பின் கைக்குப் போய் யு.ஈ.எப்.ஐ. ஆனது. இட்டானியம் ஓடவில்லை, அதுக்காகச் செய்த பேர்ம்வெயார் மட்டும் இன்றைக்கு எங்கள் எல்லாரின் மடியிலும் இருக்கு!

இதில் விதியே வேறு. பூட்லோடர் இப்போது சாதாரண பைல். டிஸ்கில் அதற்கென்று ஒரு சின்னப் பகுதி. ஆனால் எந்தப் பைலை ஓட்டுவது என்ற பட்டியல் டிஸ்கில் இல்லை, போர்டின் நினைவகத்தில் இருக்கு. லினக்ஸ் போடும்போது இன்ஸ்டோலர் இரண்டு வேலை செய்யவேண்டும்: பைலை டிஸ்கில் வைக்கவேண்டும், பெயரைப் போர்டில் பதியவேண்டும். இரண்டாவது பிழைத்தால் ஆள் வீட்டில் இருந்தும் இல்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கூட்டாளியின் மாமா சிரித்தார். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினபோது வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினவர். "பேர் லிஸ்ட்ல இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு எங்களுக்குக் கம்பியூட்டரா தம்பி படிச்சுத் தரணும்?" என்றார். மன்னாரில் பதிவா, புத்தளத்தில் பதிவா என்று வாக்காளர் இடாப்பைப் பார்த்துப் பார்த்தே முப்பது வருஷம் போன ஆக்கள் அவர்கள். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

பட்டியல் வைத்திருப்பவர் பக்கச்சார்பாக நடந்த கதையும் இருக்கு. 2012 நவம்பரில் மத்தியூ காரெட் என்ற லினக்ஸ் நிரலாளர் லெனோவோ திங்சென்டர் எம்92பி என்ற கணினியைப் பற்றி எழுதினார். அதன் பேர்ம்வெயார் பதிவின் பெயரையே படித்துப் பார்த்தது. 'விண்டோஸ் பூட் மேனேஜர்' அல்லது 'ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ்' என்று இருந்தால் விடும். பெடோரா என்று இருந்தால் விடாது. எந்த விதியிலும் அப்படி இல்லை, யாரோ ஒருவர் எழுதிவிட்டுப் போன நிரல்.

அதே வருஷம் விண்டோஸ் 8 உடன் செக்கியூர் பூட் வந்தது. கையொப்பம் இல்லாத பூட்லோடரை மெஷின் ஓட்டாது. ஏறக்குறைய எல்லாப் பி.சி.யிலும் இருந்த சாவி மைக்ரோசொப்டினுடையது. பெடோராக்காரர்கள் 99 டொலர் கட்டி அந்த வழியால் கையொப்பம் வாங்க முடிவெடுத்தார்கள். காரெட் எழுதிய ஷிம் என்ற சின்ன நிரலை மைக்ரோசொப்ட் சாவி ஒப்புக்கொள்ளும், ஷிம் கிரப்பை ஒப்புக்கொள்ளும். சுதந்திர மென்பொருள் எதிராளியிடம் கையெழுத்து வாங்குவதா என்று அப்போது பெரிய சண்டை. வைரஸ் பூட்லோடருக்குள் புகாமல் தடுப்பதும் தேவைதானே. எங்களுக்கு அந்த முடிவில் குறை சொல்ல மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் எங்களைப்போல ஆக்கள் பென்ட்ரைவைக் குத்தின இடத்திலேயே விட்டிருப்போம்.

சரி, எங்கட லேப்டாப். பென்ட்ரைவின் ரெஸ்கியூ மோடில் போய்ப் பட்டியலைப் பார்த்தோம். டெபியன் பெயர் இல்லை. கையால் பதிந்தோம், பதிந்ததாகக் காட்டியது. ரீஸ்டார்ட் பண்ணினால் திரும்பவும் இல்லை, பேர்ம்வெயார் தானே அழித்துவிடுது. யு.ஈ.எப்.ஐ. விதியில் இன்னொரு வழி இருக்கு. பட்டியலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் 'ஈ.எப்.ஐ.' போல்டருக்குள் 'பூட்' என்ற போல்டரில் பூட்எக்ஸ்64 என்ற பைலைத் தேடு என்பது. பென்ட்ரைவுக்காக வைத்த வழி அது. டெபியனின் ரெஸ்கியூ மெனுவிலேயே கிரப்பை அந்த இடத்தில் வைக்கிற தெரிவு இருக்கு. கொடுத்தோம். வாசலில் மஃரிப் பாங்கு கேட்கிற நேரம் டெபியன் எழும்பியது.

உங்கள் மெஷினும் இப்படி அடம்பிடித்தால், முதலில் பென்ட்ரைவ் யு.ஈ.எப்.ஐ. மோடில்தான் தொடங்கியதா என்று பாருங்கள், பழைய பயோஸ் மோடில் போட்டிருந்தால் பிரச்சினை வேறு. விண்டோஸின் பைல் பெயரைக் கிரப்புக்கு மாட்டிவிடச் சொல்லுகிறவர்களும் உண்டு. விண்டோஸும் பக்கத்தில் இருந்தால் அதில் கை வைக்காதீர்கள்.

மாமா இப்போது அந்த லேப்டாப்பில்தான் பேப்பர் வாசிக்கிறார். டெபியனின் பெயர் இன்னும் அதன் பட்டியலில் ஏறவில்லை.