ஏடும் நிரலும்: திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக் கற்பித்தல் மரபும் கட்டற்ற மென்பொருளும்

ஒரு நூல் யாவர்க்கும் கிடைப்பது வேறு. அதனைக் கற்பிப்பார் கிடைப்பது வேறு. கணிப்பொறித் துறையில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் எண்ணம் நெடுநாள் நிலவியது. நிரலை மறைக்காது வெளியிட்டுவிட்டால் மாணவர் தாமே பயின்று தேறுவர் என நம்பினோர் பலர். இந்நம்பிக்கை எத்துணைப் பொருந்தும் என்பதைத் திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக் கல்வி வரலாற்றோடு ஒப்பவைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழாய்வாளர்க்கு இதனால் யாது பயன் எனின், நாம் தமிழைத் தட்டெழுதும் விசைப்பலகையும் எழுத்துருவும் சொற்பிழை காணும் கருவியும் பலவிடத்து இத்தகைய நிரல்களாகவே உள்ளன. அவற்றை ஆக்குவோரின் வழி அறுமாயின் இழப்பு நம்முடையதே.

கட்டற்ற மென்பொருள் என்பது, தன் மூலநிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருளாகும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். அவ்வுரிமையைக் காக்கும் பொது உரிமம் 1989-இல் வெளிவந்தது. லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். 'திறந்த மூலநிரல்' என்னும் பெயர் 1998-இல் எழுந்தது. பெயர்களுக்கிடையே கொள்கை வேறுபாடு உண்டெனினும் நம் ஆராய்ச்சிக்கு அது வேண்டுவதன்று.

மூலத்தைத் திறத்தலும் அடைத்தலும் நம் நாட்டார்க்குப் புதியன அல்ல. திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பகலில் உரைத்த விரிவுரையை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் ஏட்டில் எழுதிவைத்தார் எனக் குருபரம்பரை நூல்கள் கூறும். அதனைக் கண்ட ஆசிரியர் அதன் சிறப்பை வியந்தாராயினும், தம் இசைவின்றி எழுதப்பட்டமையின் வெளியிட விடாது வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் ஈயுண்ணி மாதவப் பெருமாள்பால் சென்ற அந்த 'ஈடு', ஆசிரியர் ஒருவர் மாணாக்கர் ஒருவர்க்கே அளிக்கும் ஓராண்வழியாக நெடுங்காலம் இயங்கிற்று. மணவாள மாமுனிகள் (1370–1443) காலத்தேதான் அது திருவரங்கக் கோயிலில் ஓராண்டு முழுதும் அனைவரும் கேட்க விரித்துரைக்கப்பட்டது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மாமுனிகள் ஏட்டைப் பொதுவாக்கியதோடு அமையவில்லை. தாமே அமர்ந்து உரைத்தார். ஈட்டில் வரும் மேற்கோள்களின் மூலங்களைத் தேடித் தொகுத்தும் வைத்தார். மூலம் திறக்கப்பட்டபொழுது, அதனைப் பயிலத் துணையாவனவும் உடன் அமைந்தன.

இனி, கற்போன் பக்கம் நின்று காண்போம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரிற் பிறந்தவர். இரந்துண்ணும் பரதேசி ஒருவரைப் பின்தொடர்ந்து அவர்பால் தண்டியலங்காரம் கற்றமை அவர்தம் இளமை வரலாற்றுள் பலரும் அறிந்த செய்தி. ஏடு இருக்குமிடத்தையும் அறிவார் இருக்குமிடத்தையும் தேடி நடந்தே அவர் கற்றார். அவ்வருமை உணர்ந்தமையாற் போலும், பிற்காலத்தில் பொருள் வாங்காது பாடஞ் சொன்னதோடு மாணாக்கர் பலர்க்கு உணவும் உறைவிடமும் அளித்தார்.

ஆயினும் அவர்தம் கற்பித்தலின் உயிர்நிலை வேறொன்று என்பது என் கருத்து. அவர் தலபுராணம் முதலியன இயற்றுங்கால் வாயாற் பாடல்களைச் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். பாடஞ் சொல்லும் வேளை வேறு, நூல் செய்யும் வேளை வேறு என்னும் பிரிவு ஆங்கு இல்லை. உலகிற்கு வெளிப்படப்போகும் உண்மையான ஆக்கம் ஒன்று மாணவன் கையெழுத்து வழியே உருப்பெற்றது. எழுத்தாணி பிடித்தவன், ஒரு சொல் ஏன் வந்தது, மற்றொன்று ஏன் விலக்கப்பட்டது என்பதை அருகிருந்தே கண்டான். அப்பயிற்சியிற் சிறந்தவருள் ஒருவரான தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த இடத்தை 1880-இல் உ. வே. சாமிநாதையர்க்கு விட்டார், ஐயர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஆசிரியர் மறைந்த பதினோராண்டில் இவ்விளைவு கிட்டிற்று.

கட்டற்ற மென்பொருள் உலகில் இம்முறை காலந்தாழ்ந்தே உணரப்பட்டது. கூகுள் நிறுவனம் 2005-இல் தொடங்கிய கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் ஏறத்தாழ 400 மாணவர் தேர்ந்துகொள்ளப்பட்டனர். ஒவ்வொருவர்க்கும் மென்பொருள் ஆக்குவோருள் ஒருவர் வழிகாட்டியாக அமர்த்தப்பட்டார். மாணவன் செய்தது தேர்வுத்தாள் அன்று. பலர் பயன்படுத்தும் நிரலில் ஒரு பகுதி. அதே 2005-இல் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட் என்னும் கருவி, யார் எந்த வரியை என்று மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதைப் பதிந்துவைத்தது. பாடவேறுபாடு ஆராய்வோர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. ஏடெழுதினோர் தம் திருத்தங்களுக்குக் காரணமும் எழுதிச் சென்றிருப்பின் நம் பதிப்பாசிரியர்களின் உழைப்பிற் பாதி குறைந்திருக்கும்.

இந்தியாவில் இவ்வழியில் முன்நின்றது பெருநகரக் கழகம் ஒன்று அன்று. வங்காளத்துத் துர்காப்பூர் லினக்ஸ் பயனர் குழுவினர் 2008 முதல் கோடைதோறும் இணைய எழுத்துரையாடல் வழியே இலவசமாகப் பாடம் நடத்தினர். குஷால் தாஸ் அதனை முன்னின்று நடத்தியவர். எழுத்தே ஊடகமாதலின் மெதுவான இணைப்புடைய சிற்றூர் மாணவரும் அதிற் கலந்துகொள்ள இயன்றது. நிரல்மொழிக்கு முன்னர், பிறரோடு எழுத்தில் முறையாக உரையாடுதலும் வினா எழுப்புதலும் ஆங்குக் கற்பிக்கப்பட்டன. கேட்கத் தெரிதலே கல்வியின் முதற்படி என்பது நன்னூற் பாயிரம் பயின்றார்க்குப் புதிதன்று. தமிழகத்தில் நீலகிரியில் வாழ்ந்த கென்னத் கன்சால்வஸ் பைத்தான் மொழியைப் பரப்பி இளைஞர் பலர்க்கு வழிகாட்டி 2012-இல் மறைந்தார். அவர் பெயரால் விருதும் நிறுவப்பட்டது. தமிழிலேயே இவற்றைக் கற்பிக்கும் முயற்சியாக த. சீனிவாசன் முதலியோரின் 'கணியம்' இதழ் 2012 சனவரியில் தோன்றிற்று.

இவற்றை மனத்திற்கொண்டு தொட்டியத்தை நோக்குவோம். காவிரியின் வடகரையில், திருச்சிராப்பள்ளியிலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில், வாழைத்தோட்டங்களுக்கிடையே அமைந்த ஊர் அது. இவ்வட்டத்துத் தோளூர்ப்பட்டியில் 2007-இல் பொறியியற் கல்லூரி ஒன்று எழுந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் திறந்த மூலநிரலுக்கெனத் தனி ஆய்வகப் பாடமே இடம்பெற்றது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளுள் தொடக்கத்தில் வந்தவற்றில் பாஸ் லினக்ஸும் உடனிருந்தது. அஃதாவது, திருத்தும் உரிமையோடு கூடிய மூலநிரல் அரசுப் பள்ளி மாணவன் புத்தகப்பையினுள்ளேயே வந்து சேர்ந்தது. மாமுனிகள் ஈட்டைப் பொதுவாக்கியதனினும் பரந்த திறப்பு இது.

ஆனால் விரித்துரைப்பார் யாவர்? மேற்கூறிய ஆய்வகப் பாடத்தில் கருநிரலைத் தொகுத்தலும் நிரல்மாற்றம் பதியும் கருவிகளும் இருந்தன. எனினும் மாணவன் செய்த மாற்றம் ஆய்வகச் சுவரைத் தாண்டிச் சென்று, முன்பின் அறியாத ஒருவரால் படிக்கப்பட்டு, குறை கூறித் திருப்பப்பட்டு, மீண்டும் செப்பமுற்று ஏற்கப்படும் அனுபவத்தை எந்தத் தேர்வும் தர இயலாது. பரிசோதனைக் குறிப்பேட்டில் எழுதப்படும் நிரல் ஆசிரியர் கையொப்பத்தோடு முடிந்துபோகிறது. பிள்ளையவர்களின் மாணாக்கர் எழுதியதோ அரங்கேறிற்று. வேறுபாடு அறிவின் அளவில் இல்லை. செய்யும் வேலை மெய்யானதா என்பதிலேயே உள்ளது.

தமிழ்த்துறையினர்க்கும் இதில் இடமுண்டு. முத்து அண்ணாமலை முதலியோர் 2013-ஆம் ஆண்டளவில் வெளியிடத் தொடங்கிய 'ஓப்பன்-தமிழ்' என்னும் பைத்தான் நிரல்தொகுப்பு, தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து ஆள்வதற்குரியது. இத்தகைய தொகுப்புகளின் மேல் சந்திப்பிழை காணும் கருவி ஒன்றை அமைக்க முயலும் மாணவனுக்கு முதல் நாளிலேயே ஐயம் எழும். 'தமிழ் கற்றான்' என இரண்டாம் வேற்றுமைத்தொகையில் ஒற்று இயல்பாக நிற்க, 'தமிழைக் கற்றான்' என உருபு விரிந்தவிடத்து மிகுவதைப் பொறிக்கு எவ்வாறு உணர்த்துவது? முன்னதில் மறைந்து நிற்கும் உருபைப் பொறி எதனாற் கண்டுகொள்ளும்? நிரலறிந்த வழிகாட்டி இதற்கு விடை கூறமாட்டார். இலக்கணம் பயின்ற முதுகலை மாணவர் ஒருவர் தோளூர்ப்பட்டி மாணவன் அருகமர்ந்து விதியைச் சொல்ல, அவன் அதனை நிரலாக எழுதுவானாயின், எழுத்தாணி பிடித்தவன் அறிந்தது போல இருவரும் அறிவர்.